ராதி விமானதளத்தின் நிழலில் ஒரு சிறுவயது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவர் எஸ்தோனியாவின் தார்த்து நகரில், சோவியத் வான்படையின் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ராதி விமானதளத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி நான் இங்கு வந்த நாள் முதலாக, ஊரிலிருந்து வரும் உறவினர்களும் தொலைபேசியில் பேசும் தோழிகளும் அவருடைய சிறுவயதைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டுவருகிறார்கள். அவரும் மாமியாரும் தெருவிலுள்ள மூத்தவர்களும் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து சொன்னவற்றை, நான் தேடிப் படித்தவற்றோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதையே அனுப்பிவிடலாம் என்ற சோம்பலும் இதில் உண்டு.

ராதி என்பது ஊர்ப் பெயரா, விமான நிலையத்தின் பெயரா?

முதலில் அது ஒரு பண்ணை மாளிகையின் பெயர். தார்த்துவின் வடகிழக்கு விளிம்பில், ஏரியும் பூங்காவுமாக, லிப்ஹார்ட் என்ற பால்டிக் ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்தின் வசம் அது இருந்தது. எஸ்தோனியா முதன்முறை சுதந்திர நாடாக இருந்த காலத்தில், 1920களில், எஸ்தோனியத் தேசிய அருங்காட்சியகம் அந்த மாளிகையில் குடியேறியது. பக்கத்து வெளியில் அப்போதே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

1940இல் சோவியத் ஒன்றியம் நாட்டை இணைத்துக்கொண்டது; 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் ஆண்டனர்; 1944 போரில் மாளிகை எரிந்தது; திரும்பி வந்த சோவியத் படை 1991இல் நாடு மீண்டும் விடுதலை பெற்ற பிறகும் சில காலம் இருந்தது. இடைப்பட்ட அந்தப் பல பத்தாண்டுகளில்தான் சுமார் 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதையும் முள்வேலியும் கொண்ட பெரிய குண்டுவீச்சுத் தளமாக ராதி மாறியது. 1632இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த, நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் தார்த்து. அதன் மையத்திலிருந்து இந்தத் தளத்துக்குப் பேருந்துகூடத் தேவையில்லை, நடந்தே போய்விடலாம் என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

அங்கே என்னென்ன விமானங்கள் நின்றன?

பெரியவர்களின் நினைவில் முதலில் வருவது டியூ-16. 1950களில் பறக்கத் தொடங்கிய இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அதன் பிறகு வந்தது டியூ-22எம். நாற்பது மீட்டருக்கும் சற்று அதிகமான நீளமும், பறக்கும்போதே முன்னும் பின்னும் மடங்கி விரியும் இறக்கைகளும், ஒலியை விஞ்சிய வேகமும் கொண்டது. ‘பேக்ஃபயர்’ என்று மேற்கு நாட்டுப் படைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தன. இவற்றோடு இல்-76 என்ற கனரகச் சரக்கு விமானங்களும் இங்கிருந்து பறந்தன.

இந்தப் பெயர்கள் எதுவும் அன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சரக்கு விமானத்துக்கு அவர்கள் தெருவில் ‘பசு’ என்று பெயர். மற்றதற்குப் பெயரே இல்லை, ‘அது’ அவ்வளவுதான்.

சத்தம் அவ்வளவு மோசமா? மீனம்பாக்கம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எல்லாம் இல்லையா?

மீனம்பாக்கத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது. பயணிகள் விமானம் சத்தத்தைக் குறைப்பதற்கென்றே மேலும் மேலும் திருத்தப்பட்டுவருவது. குண்டுவீச்சு விமானத்தில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. டியூ-22எம் மேலெழும்போது, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தி உந்துவிசையைக் கூட்டுவார்கள். அந்த இரண்டு தீநாக்குகளும் இரவில் நெடுந்தொலைவுக்குத் தெரியும். காதுக்கு எட்டும் முன்பே அது நெஞ்சுக்கூட்டில் எட்டிவிடும் என்று என் கணவர் சொல்வார்.

மாமியார் வீட்டில் கண்ணாடிக் கதவுள்ள ஒரு அலமாரி இன்றும் இருக்கிறது. நான் முதன்முதலில் அதைத் திறந்து காப்பிக் கோப்பைகளை எடுத்தபோது, ஒவ்வொரு கோப்பைக்கும் தட்டுக்கும் நடுவே வட்டமாக வெட்டிய பழைய கம்பளித் துணி இருந்தது. கீறல் விழாமலிருக்க வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் எழும்போது கோப்பைகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும், கைக்குழந்தை விழித்துக்கொள்ளும், அதற்காக வைத்தது என்று பிறகுதான் சொன்னார். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. துணி அப்படியே இருக்கிறது.

பள்ளியிலும் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஆசிரியை பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கையிலுள்ள சுண்ணக்கட்டியைத் தாழ்த்தாமல் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் சன்னலைப் பார்க்கவும் மாட்டார்கள். தளத்தின் நகரப் பக்கம் இருக்கும் ராதி இடுகாட்டிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலை முன்னோர் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது எஸ்தோனிய வழக்கம். சோவியத் ஆட்சிக்கு அது பிடிக்காது என்றாலும் மக்கள் விடவில்லை. பனியில் நூற்றுக்கணக்கான சுடர்கள் அசையாமல் நிற்க, தலைக்கு மேல் அந்த முழக்கம் கடந்துபோனதை இந்தத் தெருவில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் பயப்படவில்லையா?

சத்தத்துக்குப் பயப்படவில்லை, அது பிறந்ததிலிருந்து இருந்தது, மழையைப் போல. சத்தம் வழக்கத்துக்கு மாறினால்தான் பயம். பல நாள் ஒரு விமானமும் எழாமலிருந்தால், எங்கோ ஏதோ நடக்கப்போகிறது என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்களாம். அந்தத் தாழ்ந்த குரல்தான் பிள்ளைகளை அச்சுறுத்தியது.

அணுகுண்டைச் சுமந்து செல்லவும் வல்லவையாக வடிவமைக்கப்பட்ட விமானங்கள் அவை. ஆகவே போர் மூண்டால் எதிரி குறிவைக்கும் இடங்களில் தங்கள் ஊரும் ஒன்று என்பது வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பள்ளியில் நச்சுவாயு முகமூடியை விரைவாக அணியும் பயிற்சியும் இருந்தது. என் கணவருக்கு அந்த முகமூடியின் ரப்பர் நாற்றம் நினைவிருக்கிறது. எதற்காக என்று கேட்ட நினைவு இல்லை.

வேலிக்குள்ளே போய்ப் பார்த்ததே இல்லையா?

இல்லை. கேட்பவர்களுக்கு மிகுந்த ஏமாற்றம் தரும் பதில் இது. விமானங்களோடு ஓடி விளையாடிய கதைகளை எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் ராதிப் பிள்ளைகளின் அனுபவத்தின் சாரமே, எல்லாவற்றையும் கேட்டார்கள், எதையும் பார்க்கவில்லை என்பதுதான். வேலி, அதன் பின் மரங்கள், மரங்களின் பின் மண்மேடுகள். மேலே எழுந்த பிறகு சில நொடிகள் அடிவயிறு தெரியும். தரையில் நிற்கும் விமானத்தைப் பக்கத்திலிருந்து அவர்கள் பார்த்ததில்லை.

வேலியோரத்தில் ஒருமுறை ஒரு பரிமாற்றம் நடந்திருக்கிறது. கட்டாயப் படைச்சேவைக்கு ஒன்றியத்தின் எந்த மூலையிலிருந்தோ கொண்டுவரப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், உள்ளிருந்து சைகையால் ஆப்பிள் கேட்டான். என் கணவரும் அவருடைய அண்ணனும் வீட்டுத் தோட்டத்துப் பழங்களைக் கம்பி இடுக்கு வழியே ஒவ்வொன்றாக நீட்டினார்கள். அவன் அங்கேயே நின்று இரண்டைக் கொட்டை தண்டு எதுவும் மிஞ்சாமல் தின்றான். மற்றவற்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு சிவப்பு நட்சத்திரச் சின்னத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அரிவாள் சுத்தியல் பொறித்த, தொப்பியில் குத்தும் சின்னம். பின்பக்கத்து ஊசி ஒடிந்திருக்கும். இப்போது அது எங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் பொத்தான்களோடு கிடக்கிறது.

இவ்வளவு பெரிய இடம் வரைபடத்தில் இல்லை என்கிறார்களே, அது எப்படி?

சோவியத் ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட வரைபடங்களில் படைத்தளங்களைக் காட்ட மாட்டார்கள். தொலைவுகளையும் சாலைகளையும்கூட வேண்டுமென்றே சற்றுத் திரித்துத்தான் அச்சிட்டார்கள். ஆகவே தார்த்துக்காரர்கள் நாள்தோறும் கேட்ட ஓர் இடம், அவர்கள் கையிலிருந்த தாளில் வெற்று நிலமாக இருந்தது.

பேச்சிலும் அது வெற்றிடந்தான். “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், இடுகாட்டுக்கு அந்தப்புறம் என்று சொல்வார்களே தவிர, விமானதளத்துக்குப் பக்கத்தில் என்று சொல்ல மாட்டார்கள். மாமியார் இன்றும் அப்படித்தான் வழி சொல்கிறார். வாடகைக்கார் ஓட்டுநர்கள் குழம்பிப்போகிறார்கள்.

‘மூடிய நகரம்’ என்றால் உள்ளூர்க்காரர்களும் வெளியே போகக்கூடாதா?

அப்படியன்று. உள்ளூர் மக்கள் போய்வரலாம், கட்டுப்பாடு வெளிநாட்டவருக்கு. ராதித் தளத்தின் காரணமாக அயல்நாட்டினர் தார்த்துவில் இரவு தங்க அனுமதி இல்லை. பழைய பல்கலைக்கழக நகரத்துக்கு இது எத்தகைய முடக்கம் என்பதை எண்ணிப்பாருங்கள். பின்லாந்திலிருந்து வரும் உறவினர்கூடத் தலைநகர் தாலினில் அறையெடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து, காப்பி குடித்து, பேச்சு சூடுபிடிக்கும் வேளையில் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துபோக வேண்டியிருந்தது. விருந்தாளி என்றால் மாலைக்குள் போய்விடுபவர் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்ததாக என் கணவர் சொல்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த என் சித்தி குடும்பம் மூன்று வாரம் தங்கியது அவருக்கு ஒரு கல்வியாகவே அமைந்தது.

அரக்கோணத்தில் வளர்ந்தவள்தானே நீ? உனக்கு இதெல்லாம் புதிதா?

இதைக் கேட்பது என் பெரியம்மா மகள். கேள்வி சரியானதே. 1992இல் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி வானூர்தித் தளம் தொடங்கப்பட்டபோது, இந்தியா சோவியத் ஒன்றியத்திடம் வாங்கி அதுவரை கோவாவில் வைத்திருந்த டியூ-142 கடற்கண்காணிப்பு விமானங்கள் எட்டும் அங்கேதான் வந்துசேர்ந்தன. 2017 மார்ச்சில் அவை ஓய்வுபெறும் வரை எங்கள் வானம் அவற்றுடையதாக இருந்தது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகள்; அந்த ரீங்காரம் வீட்டின் கூரை ஓடுகளில் இறங்கும்.

ஆகவே ஒரே வடிவமைப்பு நிறுவனத்தின் விமானங்கள் எங்கள் இருவர் தலைக்கு மேலும் பறந்திருக்கின்றன. ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அது நம் நாட்டு விமானம். கையசைப்போம், எங்கள் ஊர் ஓடுபாதை எவ்வளவு நீளம் தெரியுமா என்று வெளியூர்ப் பிள்ளைகளிடம் பெருமையடிப்போம். அவருடைய தெருவில் யாரும் கையசைத்ததில்லை.

படைக் குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகினார்களா?

மிகக் குறைவாக. அதிகாரிகளின் குடும்பங்களுக்கெனத் தனி அடுக்குமாடிகள் இருந்தன. அவர்களின் பிள்ளைகள் ரஷ்ய மொழிப் பள்ளிக்கும், இவர்கள் எஸ்தோனிய மொழிப் பள்ளிக்கும் போனார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் தந்தைக்கு மாற்றல் வந்து அந்தக் குடும்பம் போய்விடும், வேறொன்று வரும். பெயர் மனதில் பதியும் முன்பே முகம் மாறிவிடும்.

குளிர்காலத்தில் உறைந்த குளத்தின்மேல் பனிச்சறுக்கு ஹாக்கி ஆட ஆள் குறைந்தால் மட்டும் மொழி தடையாக இருந்ததில்லை. மற்றபடி பொறாமைக்கு ஒரு காரணம் இருந்தது: ‘வொயென்தோர்க்’ எனப்படும் படையினர் கடை. ஊர்க் கடைகளில் கண்ணில் படாத பண்டங்கள் அங்கே கிடைத்தன. தெரிந்த அதிகாரியின் மனைவி மூலம் மாமியார் ஒருமுறை ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கியிருக்கிறார். அதை யாரிடமிருந்து வாங்கினோம் என்று வெளியில் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. தோலைக்கூட அடுப்பில் எரித்துவிட்டார்களாம்.

தண்ணீரும் மண்ணும் கெட்டுப்போயினவா?

எஸ்தோனியாவின் சோவியத் தளங்கள் பலவற்றிலும் இது நடந்தது. மிகவும் பேசப்பட்டது போர்விமானத் தளம் இருந்த தாப்பா என்ற ஊர். அங்கே விமான எரிபொருள் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்ததால் கிணறுகள் பயனற்றுப்போயின. படை வெளியேறிய பின் துப்புரவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ராதியிலும் எரிபொருள் கசிவின் தடயங்கள் இருந்தன.

சிறுவயது நினைவாக இது எஞ்சியிருப்பது மூக்கில்தான். காற்று தளத்தின் பக்கமிருந்து அடித்தால் மாமியார் துணி காயப்போட மாட்டார். போட்டால் போர்வையில் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிடும்.

செச்சேனியாவின் துதாயெவ் இந்தத் தளத்தில்தான் இருந்தாராமே, உண்மையா?

உண்மை. சோகர் துதாயெவ் 1987 முதல் இங்கிருந்த கனரகக் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் தளபதியாக இருந்தார். அவர் பிறந்த 1944ஆம் ஆண்டிலேயே செச்சேனிய இனம் முழுவதும் ஸ்டாலினின் ஆணையால் நாடுகடத்தப்பட்டது; அவர் வளர்ந்தது கஜகஸ்தானில். தார்த்துவை விட்டுப் போனபின் 1991 அக்டோபரில் செச்சேனியாவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ரஷ்யாவுடனான போரின்போது 1996 ஏப்ரலில் ஏவுகணைத் தாக்குதலில் இறந்தார்.

எஸ்தோனியாவின் விடுதலை எழுச்சியின்போது, மக்களுக்கு எதிராகத் தன் படையை ஏவ அவர் மறுத்துவிட்டார் என்று தார்த்துவில் பெருமையோடு சொல்வார்கள். அவருடைய அலுவலகம் இருந்த, இப்போது விடுதியாக உள்ள நகர மையக் கட்டடத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தம்மை உறங்கவிடாத விமானங்களின் தளபதிக்கே ஓர் ஊர் பலகை வைத்தது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. மாமியாருக்கு அதில் வியப்பு எதுவுமில்லை.

படை போன நாளில் கொண்டாட்டமா?

ஒரே நாளில் யாரும் போகவில்லை. விமானங்கள் முதலில் போயின. ஆட்களும் தளவாடங்களும் பிறகு கட்டங்கட்டமாக. நாடு முழுவதிலுமிருந்து ரஷ்யப் படை வெளியேறி முடிந்தது 1994 ஆகஸ்ட் 31 அன்று. மகிழ்ச்சி இருந்தது, ஐயமில்லை.

ஆனால் நினைவுகளில் அதிகம் கேட்பது அதற்கு முந்திய அமைதியைப் பற்றி. விமானங்கள் நின்றுபோன முதல் மாதங்களில் மாமியார் நள்ளிரவில் விழித்துக்கொள்வாராம். எதுவும் கேட்காததுதான் எழுப்பியது என்று புரியச் சில வாரங்கள் ஆயின. பள்ளி ஆசிரியையும் பழக்கத்தால் சில வேளை பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, பிறகு தாமே சிரித்துக்கொண்டாராம்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது? வந்தால் பார்க்கலாமா?

படை போன பிறகு சில காலம் ஓடுபாதைக் கான்கிரீட்டில் பழைய கார்ச் சந்தை நடந்தது. முதல் பதிலில் சொன்ன தேசிய அருங்காட்சியகம், 2016 அக்டோபர் 1 அன்று ராதிக்கே திரும்பிவந்தது. பாரிஸில் பணியாற்றிய டான் டொரெல், லினா கொத்மே, சுயோஷி தானே ஆகிய மூன்று இளம் கட்டடக்கலைஞர்கள் 2006இல் நடந்த போட்டியில் வென்று, ஓடுபாதையின் நுனியையே கட்டடத்தின் தொடக்கமாக்கினார்கள். முந்நூற்றைம்பது மீட்டருக்கும் மேற்பட்ட அந்தக் கூரை, விமானம் மேலெழுவதுபோல மெல்ல உயர்ந்துசெல்கிறது. எனக்கு அது பிடிக்கும். என் கணவரின் அண்ணனுக்குப் பிடிக்காது. ஆக்கிரமிப்பாளன் போட்ட கோட்டை நாம் எதற்கு நீட்ட வேண்டும் என்பார்.

தாராளமாகப் பார்க்கலாம். கூரை தாழ்ந்து முடியும் கோடியிலிருந்து வெளியே நடந்தால் கான்கிரீட் பலகைகளும், இடுக்குகளில் முளைத்த புல்லும், தொலைவில் மண் மூடிய விமானக் கொட்டகைகளும் தெரியும். காற்றுக்குத் தடையே இல்லை. கோடையிலும் ஒரு மேலாடை கொண்டுவாருங்கள்.

ஆக்கிரமித்த படையின் தளத்தை இவ்வளவு ஆசையாகப் பேசுவது தவறாகப் படவில்லையா?

இது என் அப்பா கேட்டது. எளிதில் பதில் சொல்ல முடியாதது. 1949 மார்ச்சில் சில நாட்களில் இருபதாயிரம் பேரளவில் எஸ்தோனியாவிலிருந்து சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மாமியாரின் அத்தை அவர்களில் ஒருவர். ஆகவே அந்த விமானங்கள் யாருடையவை என்பதை அந்த வீட்டில் யாரும் மறந்ததில்லை. ஆசை என்பது என் தமிழில் வந்துவிட்ட சொல்லாகவும் இருக்கலாம். நான் அரக்கோணத்துக் காதால் கேட்டு எழுதுகிறேன். என் கணவர் பேசும்போது அதில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. தனக்கிருந்தது அந்த ஒரு சிறுவயதுதான், அதில் அந்தச் சத்தம் இருந்தது என்பார்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகு சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

முழுவதும் நம்ப வேண்டாம். டியூ-22எம் இறக்கையை மடக்கியதைத் தன் கண்ணால் கண்டதாக என் கணவர் பல ஆண்டு சொல்லிவந்தார்; வேலியைப் பற்றிய கேள்வியில் சொன்னதுபோல, தலைக்கு மேல் சில நொடிகள் தெரிந்ததில் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை என்று அண்ணன் மறுத்தார். பிறகு ஏதோ இதழில் கண்ட படத்தைத்தான் வானத்தில் ஏற்றிவிட்டோமோ என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நட்சத்திரச் சின்னத்தின் கதையிலும் தகராறு உண்டு. பழங்களைக் கொடுத்தவர் இவர், சின்னத்தை வாங்கியவர் தான் என்று அண்ணன் சொல்கிறார். ஆகவே அது தன் வீட்டில் இருக்க வேண்டியது என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நினைவூட்டுகிறார். மாமியாரிடம் கேட்டேன். சின்னம் அவருக்கு நினைவில்லை. அந்த ஆண்டு ஆப்பிள் ஜாம் இரண்டு சீசா குறைந்துபோனது மட்டும் நினைவிருக்கிறது.